ஜார்ஜ்டவுன் பட்டணத்தில் எதைப் பார்ப்பது?

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசிச் சாலையில் நடக்க இடமிராது. காரும் வேனும் வரிசை வரிசையாக வருகின்றன. குளிக்கிறார்கள், பழம் வாங்குகிறார்கள், போகிறார்கள். அதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. உழைத்துக் களைத்தவனுக்கும் அருவி வேண்டியதுதான். ஆனால் அப்படி வந்தவர்களில் பலர் மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கும் ஏறியதுண்டு. பனியைப் பார்த்தார்கள், பச்சைப் பசேலென்ற தேயிலைச் சரிவைப் படம் பிடித்தார்கள், இறங்கிவிட்டார்கள். அந்தச் சரிவில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்கள் யார்? 1999 ஜூலை 23-ந் தேதி, கூலி உயர்வும் சிறையிலிருந்த தொழிலாளரின் விடுதலையும் கேட்டு நெல்லையில் ஊர்வலம் வந்தபோது, போலீஸ் தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு மாண்ட 17 பேர் யார்? 2024-ல் ‘விருப்ப ஓய்வு’ என்று காகிதத்தை நீட்டி லயன் வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்களே, அது யாருடைய விருப்பம்? படத்தில் இதெல்லாம் விழாது.

ஊர் பார்ப்பதிலும் வர்க்கம் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு, பூமிப் பந்தின் மறுபக்கத்திலுள்ள ஒரு பட்டணத்துக்குத் தோழர்களை அழைத்துப் போக விரும்புகிறோம். தென் அமெரிக்காவின் வடகரையில், அட்லாண்டிக் கடலோரத்தில், டெமராரா ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது அது. பெயர் ஜார்ஜ்டவுன். கயானா நாட்டின் தலைநகரம். பயணப் புத்தகங்கள் அதற்குக் ‘கரீபியனின் தோட்ட நகரம்’ என்று பட்டம் சூட்டியிருக்கின்றன. மரத்தாலேயே எழுப்பிய மாளிகைகள், 143 அடி உயரத்துக்கு மரத்திலேயே நிற்கும் செயிண்ட் ஜார்ஜ் மாதா கோயில், இரும்பாலான ஸ்டாப்ரோக் மார்க்கெட், அதன் மணிக்கூண்டு என்று அவை அடுக்கிக்கொண்டே போகின்றன. சின்ன விமானத்தில் ஏறினால் காட்டுக்குள்ளே கயட்டூர் அருவி. ஒரே வீழ்ச்சியாக 741 அடி விழுகிறது. குற்றாலத்துக்காரர் கூட அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

“கடையத்துக்காரனுக்கு இந்த ஊர்க் கதை எதற்கு?” என்று யாராவது கேட்கலாம். கடையத்துக்காரன்தான் முதலில் கேட்க வேண்டும். கடலூர்ச் சிறையிலிருந்து 1918-ல் விடுதலையான பாரதி, மனைவி செல்லம்மாளின் ஊரான இந்தக் கடையத்தில்தான் 1920 வரை வாழ்ந்தார். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் கண்ணீர் வடித்த நம் பெண்களுக்காகப் பாட்டு எழுதிய கவி அவர். அந்தப் பிஜிக்கு முதல் கூலிக் கப்பல் போனது 1879-ல். அதற்கு நாற்பது வருஷம் முன்பே அதே வியாபாரத்தை வெள்ளை முதலாளிகள் கயானாவில் தொடங்கிவிட்டார்கள். பிஜிக்குப் பாட்டு கிடைத்தது. கயானாவுக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நம் நாட்டிலிருந்து நேர் விமானம் கிடையாது; எங்காவது இறங்கி மாறி ஏற வேண்டும். இறங்குகிற இடம் பட்டணத்துக்குத் தெற்கே சுமார் 25 மைலில் இருக்கிறது. அந்த விமான நிலையத்தின் பெயர் சேடி ஜகன் விமான நிலையம். அந்தப் பெயருக்குப் பின்னால் வருவோம்.

பட்டணத்துக்குப் போகும் வழியெல்லாம் நம் ஊர் முகம். தென்னை, மா, வாழை, கோழி மேயும் வாசல். பட்டணத்தை விட்டுக் கடலோரமாகக் கிழக்கே போனால் நெல் வயல். பூமத்திய ரேகைக்கு வடக்கே கடையம் கிட்டத்தட்ட 9 பாகையில் இருக்கிறது என்றால், ஜார்ஜ்டவுன் 7 பாகையில். ஏறத்தாழ ஒரே வெயில். ஆனால் ஒரு விஷயம் வேறு. நமக்குத் தண்ணீர் மலையிலிருந்து ராமநதியாக இறங்கி வருகிறது. அதைப் பிடித்து வைக்க அணையும் குளமும் வேண்டும். அங்கேயோ தண்ணீர் முன்னாலும் பின்னாலும் நின்று மிரட்டுகிறது. கடல் ஏற்றம் வரும்போது பட்டணத்தின் தரை கடல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது! முன்னே கடல், பின்னே சதுப்பு வெள்ளம். நடுவே மனிதன் குடியிருக்கிறான். எப்படி?

கடலோரத்தில் நீளமாக ஒரு சுவர். மாலையில் மக்கள் அதன் மேல் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். பயணிகள் படம் எடுக்கிறார்கள். ஊருக்குள்ளே தெருவுக்குத் தெரு வாய்க்கால். வாய்க்கால் கடலையோ ஆற்றையோ சேருமிடத்தில் தூக்கி இறக்கும் மரக்கதவு போட்ட மதகு. ‘கோக்கர்’ என்று சொல்கிறார்கள். டச்சுக்காரன் விட்டுப் போன சொல். கடல் வற்றும் நேரத்தில் கதவைத் தூக்கி ஊர்த் தண்ணீரை வெளியே விட வேண்டும். கடல் ஏறும் நேரத்தில் இறக்கிவிட வேண்டும். மதகுக்காரன் அயர்ந்து தூங்கினால் ஊர் நனையும். நம் நீர்பாய்ச்சிகளுக்கு இந்த வேலையின் அருமை சொல்லாமலே புரியும்.

இந்த வாய்க்கால்களை வெட்டியது யார்? டச்சுப் பொறியாளரின் திறமை என்று பயணப் புத்தகம் எழுதுகிறது. பொறியாளன் கோடு போட்டான், சரி. இடுப்பளவு சேற்றில் நின்று மண்ணை வெட்டிக் கரையில் போட்டவன் எவன்? ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் பிணைத்துக் கொண்டுவரப்பட்ட அடிமை. 1948-ல் சர்க்கரைத் தொழிலை விசாரிக்கப் பிரிட்டிஷ் சர்க்கார் அனுப்பிய வென் கமிஷனே ஒரு கணக்குச் சொல்லியது. ஒரு சதுர மைல் கரும்புக்கு 49 மைல் வடிகால் வாய்க்கால். அது போக, கரும்பு ஏற்றிய தோணி போவதற்கும் பாசனத்துக்கும் இன்னொரு 16 மைல் வாய்க்கால். இத்தனையும் முதலில் வெட்டியபோது புரட்டிய மண் குறைந்தது 10 கோடி டன். இயந்திரம் கிடையாது. மண்வெட்டியும் மனித முதுகும்தான். அந்த நாட்டின் சரித்திர ஆசிரியர் வால்டர் ராட்னி, கயானா உழைப்பாளிகளைப் பற்றிய தம் நூலில் இந்தக் கணக்கை முதல் செங்கல்லாக வைத்தார். ராட்னியைப் பற்றியும் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆகவே ஜார்ஜ்டவுனில் முதலில் பார்க்க வேண்டியது மாதா கோயில் அல்ல, சாக்கடை வாய்க்கால் என்பது நம் கருத்து. கேலியாகச் சொல்லவில்லை. நாற்றமடித்தாலும் அந்தப் பட்டணத்தின் அஸ்திவாரம் அதுதான்.

அடிமைகள் சும்மா இருந்துவிடவில்லை. 1763-ல் பெர்பீஸ் பகுதியில் கஃபி என்ற அடிமையின் தலைமையில் எழுந்தார்கள். டச்சுத் துரைமார் ஓட வேண்டியதாயிற்று. மாதக்கணக்கில் அந்தப் பிரதேசத்தின் பெரும்பகுதி அடிமைகள் கையில் இருந்தது. ஜார்ஜ்டவுனில் கஃபிக்கு வெண்கலச் சிலை நிற்கிறது. 1823-ல் டெமராராவில் ஆயிரக்கணக்கான அடிமைகள் மறுபடி எழுந்தார்கள். நூற்றுக்கணக்கானோரைக் கொன்றுதான் அதை அடக்க முடிந்தது.

1834-ல் அடிமை முறையை ஒழிப்பதாகப் பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்து, நஷ்டஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கியது. யாருக்கு? முதுகில் சவுக்கடி வாங்கியவனுக்கா? இல்லை. சவுக்கு வைத்திருந்தவனுக்கு! பின்னாளில் பிரிட்டனின் பிரதம மந்திரியான கிளாட்ஸ்டனின் தகப்பன் ஜான் கிளாட்ஸ்டன் என்ற லிவர்பூல் வியாபாரி மட்டும் ஒரு லட்சம் பவுனுக்கு மேல் வாங்கினான். பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அடிமைக்குப் பதில் ஆள் எங்கே கிடைக்கும் என்று கல்கத்தாக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினான். 1838 மே 5-ந் தேதி ‘விட்பி’, ‘ஹெஸ்பரஸ்’ என்ற இரண்டு கப்பல்கள் 396 இந்தியக் கூலிகளை அந்தக் கரையில் இறக்கின. அடிமைகளுக்கு முழு விடுதலை நாள் அதே வருஷம் ஆகஸ்ட் 1. மூன்று மாதம் முன்னதாகவே மாற்று ஆள் வந்து சேர்ந்துவிட்டான். முதலாளியின் காலண்டர் பிசகுவதில்லை.

கூலிகள் பட்ட அடியும் உதையும் வெளியே தெரிந்து கூச்சல் எழுந்ததால், ஆள் ஏற்றுவது சில வருஷம் நின்றது. 1845-ல் மீண்டும் தொடங்கியது. இந்தத் தடவை சென்னைத் துறைமுகத்திலிருந்தும். 1917-ல் அந்த முறை ஒழிவதற்குள் சுமார் 2,39,000 இந்தியர் கயானாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியே போன வடநாட்டார். சென்னையில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 15,000 பேர். தமிழரும் தெலுங்கருமான இவர்களை அங்கே ‘மதராசி’ என்றே அழைத்தார்கள். நம் நெல்லைச் சீமையின் ஏழைகள் பெரும்பாலும் தூத்துக்குடி வழியாக இலங்கைக்குத்தான் ஓடினார்கள். ஓட்டியது ஒரே பசி.

ஐந்து வருஷ ஒப்பந்தம். கைநாட்டு வைத்த கணத்திலிருந்து, ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அது குற்றம். அபராதம், இல்லையேல் ஜெயில். தோட்ட எல்லையைத் தாண்ட வேண்டுமானால் பாஸ் சீட்டு வேண்டும். தஞ்சைப் பண்ணையாள் முறையை அறிந்த தோழர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. மிராசுதார் சாணிப்பால் வைத்திருந்தான். கயானாத் துரை மாஜிஸ்டிரேட்டை வைத்திருந்தான்.

அந்த 15,000 பேரின் தமிழ் எங்கே போயிற்று? போயேவிட்டது. வீட்டில் தமிழ் பேசும் குடும்பத்தை இன்று அங்கே தேடிக் காண முடியாது. ஆனால் பெர்பீஸ் பக்கம் மதராசிகளின் காளி கோயில்களில் ஒரு பறை அடிக்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘தப்பு’. ஆம் தோழர்களே, நம் சேரியின் தப்பேதான். கரகம் எடுக்கிறார்கள், வேப்பிலை பிடிக்கிறார்கள், மாரியம்மன் பெயர் சொல்லி ஆடுகிறார்கள். மேல்சாதிக்காரன் இங்கே எதைத் தீட்டு என்று தள்ளி வைத்தானோ, அந்தத் தோற்கருவிதான் அட்லாண்டிக்கைத் தாண்டி அங்கே பிழைத்திருக்கிறது. பெயர்களும் மிஞ்சின. 2015 முதல் 2020 வரை கயானாவின் பிரதம மந்திரியாக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. பெர்பீஸ் கடற்கரைக் கிராமமொன்றில் மதராசி வம்சத்தில் பிறந்தவர். இவரைக் காட்டி “தமிழன் கடல் கடந்து ஆண்டான்” என்று மேடையில் முழங்குவதற்கு நம் நாட்டில் ஆள் உண்டு. ஆண்டவன் ஒருவன், மண்ணில் மாண்டவர் எத்தனை பேர் என்றும் அதே மேடையில் சொல்லட்டும்.

இனி பட்டணத்துக்குள்ளே வருவோம். அங்கே ஒரு காலத்தில் எந்தப் பெரிய கடையைப் பார்த்தாலும் ‘புக்கர்’ என்ற பெயர்தான். கரும்புத் தோட்டம் புக்கருடையது, ஆலை புக்கருடையது, கப்பல் புக்கருடையது, மருந்துக்கடை புக்கருடையது. பிரிட்டிஷ் கயானாவையே ‘புக்கர்ஸ் கயானா’ என்றுதான் மக்கள் கிண்டல் செய்தார்கள். இங்கே விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி என்ற பெயரை நம் ஆலைத் தொழிலாளர் எப்படிக் கேட்டு வளர்ந்தார்களோ அப்படி. இந்தப் புக்கர் கம்பெனிதான் 1960-களின் கடைசியில் லண்டனில் நாவலுக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கியது. உலகத்துப் பத்திரிகைகள் இன்றும் கொண்டாடுகிற புக்கர் பரிசு அதுதான். 1972-ல் பரிசு பெற்ற ஜான் பெர்ஜர் என்ற எழுத்தாளர் மேடையிலேயே உண்மையைப் போட்டு உடைத்தார்: இந்தக் கம்பெனியின் செல்வம் கரீபியன் மக்களைச் சுரண்டியதில் வந்தது என்று சொல்லி, பாதிப் பணத்தைக் கறுப்பர் விடுதலை இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். 1976-ல் புக்கரின் தோட்டங்களைக் கயானா அரசு தேசவுடைமை ஆக்கியது.

பயணிக்கு நாம் சொல்லும் முக்கியமான இடம் ஜார்ஜ்டவுனின் லெ ரிப்பெந்தீர் கல்லறைத் தோட்டம். பிரெஞ்சுச் சொல், மனம் வருந்துதல் என்று அர்த்தம். அங்கே ஐந்து சர்க்கரைத் தொழிலாளிகள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களைப் புதைக்க வைத்தவர்கள் மனம் வருந்தியதாகச் சரித்திரத்தில் இல்லை.

நடந்தது இது. ஜார்ஜ்டவுனுக்குக் கிழக்கே கடலோரத்தில் என்மோர் தோட்டம். முன்பெல்லாம் கரும்பு வெட்டுகிறவன் வெட்டிப் போடுவான்; அதைத் தோணியில் ஏற்றுவதற்கு வேறு ஆள் உண்டு. 1945-ல் முதலாளிகள் புது முறை கொண்டுவந்தார்கள். வெட்டுகிறவனே தலையில் சுமந்து, வழுக்கும் வாய்க்கால் கரையேறி, இரும்புத் தோணியில் ஏற்றவும் வேண்டும். இரண்டு ஆள் வேலை ஒரு ஆள் தலையில். நம் ஸ்பின்னிங் பகுதித் தோழர்களுக்கு விளக்கவா வேண்டும்? ஒருவனுக்கு இத்தனை பக்கம் என்றிருந்ததை இரட்டிப்பாக்கி ‘வேலைப் பளு சீரமைப்பு’ என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்களே, அதே வித்தை. தொழிலாளிகள் எதிர்த்தார்கள். அதோடு, முதலாளிமார் அங்கீகரித்திருந்த சங்கம் வேண்டாம், தாங்கள் நம்பும் சங்கத்தை அங்கீகரி என்றும் கேட்டார்கள். 1948 ஏப்ரலில் கிழக்குக் கடலோரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வாரங்கள் ஓடின, அடுப்பு அணைந்தது, ஆள் வளையவில்லை.

ஜூன் 16-ந் தேதி காலை, என்மோர் ஆலை வாசலில் நூற்றுக்கணக்கானோர் மறியலுக்குக் கூடினார்கள். போலீஸ் சுட்டது. லல்லபாகி, பூரன், ராம்பரன், துக்கி, ஹாரி என்ற ஐவர் இறந்தார்கள். இன்னும் பலர் குண்டடி பட்டார்கள். மறுநாள் அந்த உடல்களோடு என்மோரிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு 16 மைல் கால்நடையாக ஊர்வலம் வந்தது. அதன் முன்னே நடந்தவர் சேடி ஜகன். கரும்புத் தோட்டத்துக் கூலியின் மகன். அவரது தாயும் தகப்பனும் குழந்தைகளாகக் கூலிக் கப்பலில் வந்து இறங்கியவர்கள். அமெரிக்காவில் பல் வைத்தியம் படித்துவிட்டுத் திரும்பி, சட்டசபை உறுப்பினராகியிருந்த 30 வயது இளைஞர். அந்தக் கல்லறையருகே நின்று, இந்தச் சுரண்டலை ஒழிப்பதற்கே தம் வாழ்வு என்று உறுதி எடுத்துக்கொண்டதாக அவரே பின்னால் எழுதினார். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதைக் கண்டு கொதித்தெழுந்த நெல்லை மக்களைச் சுட்டு நால்வரைக் கொன்ற அதே சர்க்கார்தான் என்மோரிலும் சுட்டது. நாற்பது வருஷத்தில் அதன் குறி மாறவில்லை.

1950 ஜனவரியில் ஜகனும் தோழர்களும் மக்கள் முற்போக்குக் கட்சியை ஆரம்பித்தார்கள். ஆப்பிரிக்க வம்சத்தாரும் இந்திய வம்சத்தாரும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். 1953 ஏப்ரலில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையோடு நடந்த முதல் தேர்தலில் 24 இடங்களில் 18-ஐக் கைப்பற்றினார்கள். தொழிலாளி எந்தச் சங்கத்தை விரும்புகிறானோ அதை முதலாளி ஏற்றே ஆக வேண்டும் என்று ஒரு மசோதா கொண்டுவந்து அக்டோபர் 8-ந் தேதி சபையில் நிறைவேற்றினார்கள். மறுநாள், அக்டோபர் 9-ந் தேதி, பிரிட்டிஷ் சர்க்கார் அரசியல் சட்டத்தையே நிறுத்தி வைத்தது! போர்க்கப்பலும் சிப்பாயும் வந்து இறங்கியிருந்தார்கள். 133 நாள் ஆட்சி முடிந்தது. லண்டனில் அப்போது பிரதம மந்திரி சர்ச்சில். ஓட்டுப் போட்டால் போதும், எல்லாம் வரும் என்று நமக்குப் பாடம் சொல்லுகிறவர்கள் இந்த இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளட்டும்.

அதற்குப் பின் நடந்ததுதான் நமக்கு மிகவும் வலிக்கிற கதை. ஜகனும், ஆப்பிரிக்க வம்சத்துத் தலைவர் பர்ன்ஹாமும் 1955-ல் பிரிந்தார்கள். கட்சி இரண்டானது, பின்னர் வாக்குகள் இனவாரியாகப் பிளந்தன. 1957-லும் 1961-லும் ஜகன் ஜெயித்தார். கியூபாவைப் போல் இன்னொன்று முளைத்துவிடுமோ என்று பதறியது அமெரிக்கா. 1963-ல் ஜகன் சர்க்கார் அதே தொழிலாளர் மசோதாவை, ரகசிய வாக்கெடுப்பால் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, மறுபடி கொண்டுவந்தபோது அதை எதிர்த்து 80 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த வேலைநிறுத்தத்துக்கு அடுப்பெரித்தது அமெரிக்கப் பணம். இது நம் குற்றச்சாட்டு மட்டுமல்ல. 1962 முதல் 1968 வரை பிரிட்டிஷ் கயானாவில் ரகசிய வேலைகளுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்ததை அமெரிக்க ராஜாங்க இலாகாவே தன் ஆவணத் தொகுப்பில் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1964-ல் இனக் கலவரம் மூண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள், வீடுகள் எரிந்தன, பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரனைக் கண்டு பயந்து ஊர் மாறினான். டிசம்பரில் தேர்தல் முறையை மாற்றி வைத்து ஜகனை இறக்கினார்கள். 1966 மே 26-ல் சுதந்திரம் வந்தபோது உழைப்பாளி இரண்டு துண்டாகக் கிடந்தான்.

ஏகாதிபத்தியம் பிளந்தது என்று சொல்லி நாம் நிறுத்திக்கொள்ள முடியாது. பிளவுபட்ட இரு பக்கத் தலைவர்களும் அதில் அறுவடை செய்தார்கள். தேர்தலுக்குத் தேர்தல் தன் இனத்து வாக்கைக் கட்டி வைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. வாய்க்கால் வெட்டிய ஆப்பிரிக்கனின் பேரனும், அந்த வாய்க்காலில் கரும்புத் தோணி இழுத்த மதராசியின் பேரனும் ஒருவரையொருவர் சந்தேகிக்கும்போது தோட்ட முதலாளிக்குப் போலீஸ் செலவு மிச்சம். நம் தென்காசிச் சீமையில் இது தெரியாத கதையா? ஆலைக்குள் ஒரே ஷிப்டு, ஒரே சம்பளச் சீட்டு. சங்கு ஊதி வெளியே வந்தால் தெருவுக்கொரு சாதிக் கொடி, கைக்கொரு கலர்க் கயிறு. நடவு வயலில் ஒரே வரப்பு. குளத்துப் படித்துறையில் தனித்தனி. கயானாவில் அமெரிக்கன் 20 லட்சம் டாலர் செலவழித்துச் செய்ததை, இங்கே நாமே சந்தா வசூலித்துச் செய்துகொள்கிறோம்.

இந்தப் பிளவை மறுபடி ஒட்ட வைக்கப் பாடுபட்டவர்தான் முன்னே சொன்ன வால்டர் ராட்னி. இரு இனத்துத் தொழிலாளரையும் ஒரே கூட்டத்துக்கு வரவழைத்தார். 1980 ஜூன் 13-ந் தேதி ஜார்ஜ்டவுன் தெருவில், காருக்குள் வெடித்த குண்டு அவரைக் கொன்றது. அவருக்கு வயது 38. ஆட்சியிலிருந்தது பர்ன்ஹாம். அரசின் கைதான் இதைச் செய்தது என்ற முடிவுக்கே 2016-ல் வெளியான விசாரணைக் கமிஷன் அறிக்கையும் வந்தது. ஜகன் 28 வருஷம் எதிர்க்கட்சியில் இருந்துவிட்டு, 1992 அக்டோபர் 9-ல், அவர் ஆட்சியைப் பிடுங்கிய அதே தேதியில், ஜனாதிபதியானார். 1997-ல் காலமானார்.

இன்றைய ஜார்ஜ்டவுனுக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது ஓட்டல் கட்டும் கிரேன்கள்தான். 2015-ல் எண்ணெய் கண்டுபிடித்தது அமெரிக்காவின் எக்ஸான் கம்பெனி. 2019 டிசம்பரில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. எடுக்கிற இடத்துக்கு ‘ஸ்டாப்ரோக் பிளாக்’ என்று பெயர். டச்சுக்காரன் காலத்தில் ஜார்ஜ்டவுனுக்கே இருந்த பழைய பெயர் அது. 2016-ல் போட்ட ஒப்பந்தத்தை நம் வாரக் குத்தகைக் கணக்கில் சொல்லிப் பார்ப்போம். நூறு கோட்டை நெல் விளைகிறது. அதில் 75 கோட்டை வரை ‘என் செலவு’ என்று குத்தகைக்காரன் முதலிலேயே அளந்துகொள்ளலாம். மிஞ்சிய 25-ல் பாதி அவனுக்கு, பாதி நிலத்துக்காரனுக்கு. அது தவிர, நிலத்துக்காரனுக்கு மரியாதைக்கு 2 கோட்டை. ஆக, 100-க்குச் சொந்தக்காரனுக்கு வருவது பதினாலரை. இங்கே நிலத்துக்காரன் என்பது கயானா மக்கள், குத்தகைக்காரன் எக்ஸான். குத்தகைக்காரன் நிலத்துக்காரனை மொட்டையடிக்கும் அதிசயத்தை நம் ஊர் மிராசுதார் கேட்டால் மூர்ச்சையாகிவிடுவார்!

எண்ணெய் பொங்கும் அதே நாட்டில் 2017-ல் சர்க்கரைக் கழகம் மூன்று தோட்டங்களை மூடியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் தெருவில் நின்றார்கள். மூடியவற்றுள் ஒன்று என்மோர். ஐந்து பேர் மாண்ட அந்த ஆலை வாசலில் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஜூன் 16-ந் தேதி தவறாமல் மாலை விழுகிறது. ஆலையின் சங்குதான் ஊதவில்லை.

2024 நவம்பரில் நம் நாட்டுப் பிரதம மந்திரி ஜார்ஜ்டவுனுக்குப் போனார். அவர்கள் பார்லிமெண்டில் பேசினார். கடல் கடந்த இந்தியர் என்றால் டில்லிக்கு இப்போது கொண்டாட்டம். நல்லது. அப்படியானால் இன்று கடல் கடக்கிறவனைப் பற்றியும் பேச வேண்டும். கூலிக் கப்பல் காலத்துச் சட்டத்தில் ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்று ஓர் உத்தியோகஸ்தர் உண்டு. கப்பலேற்றும் துறைமுகத்தில் உட்கார்ந்து, “சம்மதமா?” என்று கூலியைக் கேட்டுவிட்டு முத்திரை குத்துவார். சுதந்திர இந்தியாவின் 1983-ம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டமும் அந்த உத்தியோகத்தை அதே பெயரில் வைத்துக்கொண்டது. ஏஜெண்டுக் கட்டணத்துக்கு 30,000 ரூபாய் என்று விதிகளில் உச்சவரம்பு போட்டார்கள். நம் கிராமங்களில் நிலத்தை அடகு வைத்து, தாலியை விற்று லட்சக்கணக்கில் கொடுத்த குடும்பங்கள் எத்தனை! போய் இறங்கியதும் பாஸ்போர்ட் முதலாளி பெட்டியில். பேசிய வேலை ஒன்று, கொடுத்த வேலை ஒன்று. பாஸ் சீட்டு இல்லாமல் தோட்டத்தைத் தாண்டாத அந்த மதராசியும், பாஸ்போர்ட் இல்லாமல் முகாமைத் தாண்டாத இந்தக் கடையத்துப் பையனும் வேறு வேறு சாதி மனிதர்களா?

கூலிக் கப்பல் காலத்து உத்தியோகஸ்தன் கப்பலேறியவன் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பு அடையாளம் எல்லாவற்றையும் எழுதி வைத்தான். சரக்கு தொலைந்தால் கண்டுபிடிக்க எழுதினான் என்பது வேறு விஷயம். இன்று தென்காசி மாவட்டத்திலிருந்து எந்த ஏஜெண்ட் மூலம், எந்த நாட்டுக்கு, எந்தக் கம்பெனிக்கு, எவ்வளவு சம்பளத்துக்கு யார் போயிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒரு பதிவேடு வைக்கச் சொல்லுகிறோம். ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டு, ஒரு நகல் வீட்டில் இருக்க வேண்டும். வாங்கிய பணத்துக்கு ஏஜெண்ட் ரசீது கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் லைசென்ஸ் ரத்தாக வேண்டும். வெளிநாட்டில் சம்பளப் பாக்கி வைத்த கம்பெனிக்கு மறுபடி ஆள் அனுப்பத் தடை போட வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்த நான்கையும் தீர்மானமாக வைக்கும்படி விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளையும் மில் தொழிலாளர் சங்கக் கிளைகளையும் கேட்டுக்கொள்கிறோம்.